யாரைப் பின்பற்றுவது?

நமது வாலிபர்கள் வெள்ளித்திரைப் புகழையே பெருமையென மயங்குகின்றனர். புகழ் வேறு, குணம் வேறு. ஜெகதளாவின் இளைஞர் வழிகாட்டியைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள உபதலையைச் சேர்ந்த ஆரி கவுடர் (1893-1971) படகரில் முதற் பட்டதாரி. கற்ற கல்வியைத் தம் சுகத்திற்கு மட்டும் மூலதனமாக்கினாரல்லர். உருளைக்கிழங்கு விளைவித்தோர் தரகர் கையில் நஷ்டமுறாதிருக்க, 1935-ல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்ற முன்னின்றார். அந்நிய சர்க்கார் அளித்த ‘ராவ் பகதூர்’ பட்டத்திற்காகவன்று, இத்தொண்டிற்காகவே அவர் போற்றத்தக்கவர்.

2023-ல் பசுந்தேயிலைக்கு நியாய விலை கோரி நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதமிருந்தனர். பயிர் மாறிற்று; விளைவிப்போனின் குறை மாறவில்லை. எனவே அவரைப் போற்றுவதோடு கடமை தீர்ந்துவிடாது. அவர் விட்ட பணியைத் தொடர்பவனே அவரைப் பின்பற்றுபவன். பெற்றோரும் உபாத்தியாயர்களும் இதனைச் சிறுவர் உள்ளத்தில் பதிப்பார்களாக!