கடல் நமக்கும்தான்

மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று தாண்டினால் பொத்துவில். அதற்கடுத்தது அறுகம்பை. ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை, அலைச்சறுக்கலுக்காக வெளிநாட்டவர் வந்து கூடும் ஊர். முதுகில் பையுடன் தனியே வரும் பெண்கள் இரண்டு நாள் தங்கி, அலையில் விளையாடி, அடுத்த ஊருக்குப் போகிறார்கள். “அவர்களுக்கென்ன, வெள்ளைக்காரிகள்!” என்போம்.

ஆனால், மூட்டை சுமந்து ஊர் கடப்பது நமக்குப் புதிதா? கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் நம் பெண்கள் இதே பொத்துவிலைக் கடந்து, உகந்தை, குமண காட்டு வழியே நாட்கணக்காக நடக்கிறார்கள். நேர்த்திக்கென்றால் யாரும் தடுப்பதில்லை. சொந்த மகிழ்ச்சிக்கென்றால் மட்டும் கேள்விகள் வருகின்றன. யாருடன் போகிறாய்? என்ன உடுப்பு? ஊர் என்ன சொல்லும்?

இந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் 2018இல் அறுகம்பைப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்கல் கழகம் அமைத்தார்கள். இலங்கையில் பெண்களுக்கென்றே உருவான முதலாவது கழகம் அது. பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் அலையேறியிருக்கிறார்கள்.

இது வெறும் விளையாட்டல்ல. 2004 சுனாமியில் கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள். நீந்தத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம். கடலோரத்தில் பிறந்தும் கடலை அறியாமலே வாழ்ந்து முடிப்பது நியாயமா?

சகோதரிகளே, அடுத்த விடுமுறையில் கரையிலிருந்து செருப்புக்குக் காவல் இருப்பதோடு நின்றுவிடாதீர்கள். நீச்சல் தெரிந்த ஒருத்தியிடம் மகளைப் பழகவிடுங்கள். கூடவே நீங்களும் பழகுங்கள்.