பேரில்லாத ஃபங்ஷனும் பேய்க் கதையும்

"பைத்தான்ல லாம்டாவுக்குப் பேர் கிடையாது, அதனால டெஃப்-ஐ விட வேகம்." திருச்செங்கோட்டுல இருந்து சேலம் வரைக்கும் நான் பார்த்த முக்காவாசி இண்டர்வியூ நோட்ஸ்ல இந்தப் பொன்மொழி இருக்கு. பசங்களும் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்க. எரிச்சலா வருதுங்க.

லாரியில ஓனர் பேரை அழிச்சுட்டா மைலேஜ் கூடுமா? நாமக்கல்ல எந்த டிரைவரையும் கேளுங்க, சிரிப்பார்.

ஒரே வேலையை லாம்டாவா ஒரு தடவை, டெஃப்-ஆ ஒரு தடவை எழுதி, பைத்தானோட கூடவே வர்ற 'டிஸ்' மாட்யூல்ல போட்டுப் பாருங்க. உள்ளே ஓடற பைட்கோடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். செலவு பேர்ல இல்லை, கூப்பிடறதுல இருக்கு. 10,000 முட்டை பில்லை லாம்டா கீ வெச்சு சார்ட் பண்ணினா, அந்த ஃபங்ஷனை 10,000 தடவை கூப்பிடணும். அதே இடத்துல ஐட்டம்கெட்டர் போட்டா வேலை சி மொழியிலயே முடிஞ்சுடும். இது 2004-ல வந்த பைத்தான் 2.4-லயே இருக்கு சாமி!

இன்னொண்ணு. பைத்தான் 3-ல லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுதினா, திரைமறைவுல ஒரு பேரில்லாத ஃபங்ஷன் உருவாகும், ஒரே தடவை ஓடும், குப்பைக்குப் போகும். ஒவ்வொரு முறையும் இதே கூத்து. 2023-ல வந்த 3.12-ல (பெப் 709) அந்த ஃபங்ஷனையே தூக்கிட்டு, கோடை இருந்த இடத்துலயே விரிச்சுட்டாங்க. காம்ப்ரிஹென்ஷன் ரெண்டு மடங்கு வரைக்கும் வேகமாச்சு. கவனிங்க, பேரை எடுத்ததால இல்லை, கூப்பிடறதை எடுத்ததால!

"மைக்ரோ செகண்டுக்கு இவ்ளோ அலட்டலா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். பெரும்பாலான புரோகிராம்ல டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கற நேரத்துக்கு முன்னாடி இதெல்லாம் தூசு. என் கோபம் அந்த மைக்ரோ செகண்ட் மேல இல்லை. அளந்து பார்க்கற பழக்கத்தையே இந்த நோட்ஸ் கொல்லுது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டின வீட்டுப் பையன், விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் முன்னாடி உக்காந்து "ஏன் வேகம்?"ங்கற அடுத்த கேள்விக்கு முழிக்கிறான். வேலை போறது அவனுக்கு, நோட்ஸ் வித்தவருக்கு இல்லை.

நோட்ஸ் போடற அண்ணன்மாரே, எனக்கு ஆட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை 'டைம்இட்' ஓட்டிப் பாருங்க. அதுவும் பைத்தான் கூடவே ஓசியில வருது :-)