செடிக்கு ஆராய்ச்சி நிலையம், பிள்ளைக்கு?

தேயிலைச் செடியின் நலத்தை ஆராய 1925ஆம் ஆண்டிலேயே ஒரு நிலையம் கண்டனர். தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அது இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. செடியின் இலை கருகினால் கவலைப்பட விற்பன்னர்கள் உண்டு. அச்செடியில் கொழுந்து கொய்யும் தாயின் பிள்ளைக்கு நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் உண்டா? நூறாண்டு கழிந்தும் இல்லை! பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உண்டு. அது ஆசிரியரைப் பயிற்றுவது, பல்கலைக்கழகம் அன்று.

1942இல் ஒன்றாகத் தொடங்கிய பல்கலைக்கழகங்கள், மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இன்று 17 ஆகிவிட்டன. அவற்றுள் ஏழு மேல் மாகாணத்தில் மட்டும்! தெற்கிற்கு ருகுணு; வடமத்திக்கு ரஜரட்டை; வடமேற்கிற்கு வயம்ப; சப்பிரகமுவைக்கு அதன் பெயராலேயே ஒன்று; ஊவாவுக்கு 2005இல் ஊவா வெல்லஸ்ஸ; வடக்கே யாழ்ப்பாணம், 2021 முதல் வவுனியா; கிழக்கே இரண்டு. அவை வாழ்க, வளர்க! ஆனால், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மலையகத் தமிழர் பாதிக்கு மேற்பட்டோராய் வாழும் ஒரே மாவட்டத்தின் முறை எப்போது வரும்?

"மத்திய மாகாணத்திற்குப் பேராதனை இருக்கிறதே" என்பர். பேராதனை இலங்கை முழுமைக்கும் உரியது. கோபுர நிழல் நம் தெருவில் விழுவதால் கோயிற் கதவு நமக்குத் திறந்துவிட்டதாகுமா?

"மாவட்ட ஒதுக்கீடு உண்டே" என்பர். மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 55 சதவீத இடங்கள் மாவட்டச் சனத்தொகைப்படி பகிரப்படுகின்றன. தலை எண்ணும்போது தோட்டத் தொழிலாளியின் தலையும் எண்ணப்படுகிறது. இடம் பெறும்போதோ, உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை அருகில் உள்ளவனே பெறுகிறான். தோட்டப் பாடசாலைகளில் அத்தகையவை சிலவே. எண்ணிக்கை நம்முடையது, பலன் பிறருடையது. இது எந்த ஊர் நீதி?

"முதலில் பாடசாலை, பிறகு பல்கலைக்கழகம்" என்று இன்னொரு வாதம். பட்டதாரி ஆசிரியர் இன்றி அப்பாடசாலையை யார் உயர்த்துவது? மட்டக்களப்பில் 1981இல் வந்தாறுமூலைப் பாடசாலைக் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரியே 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வவுனியா 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனித்து நின்றது. அங்கே நடந்தது ஹட்டனில் ஏன் நடக்கலாகாது?

சட்டம் தடை என்பாருக்குச் சட்டத்தையே காட்டுவோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, ஆணைக்குழுவைக் கலந்தபின் அமைச்சர் வர்த்தமானியில் இடும் கட்டளை ஒன்றே பல்கலைக்கழகம் நிறுவப் போதும். புதுச் சட்டம் வேண்டாம், மனம் வேண்டும்!

1948இல் குடியுரிமை இழந்த மக்களின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. வாக்கில்லாதவன் வாசலுக்குக் கல்லூரி வராதது அன்று வியப்பன்று. இன்று அவனிடம் வாக்கு இருக்கிறது. வாக்குக் கேட்டு வருவோரும் இருக்கின்றனர். இனியும் சாக்குச் சொல்ல இடமில்லை.

வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே, வடக்குக் கிழக்கின் கமக்காரப் பெருமக்களே! உங்கள் பிள்ளைகளுக்கு அருகே பல்கலைக்கழகம் வந்தபோது நீங்கள் அடைந்த நன்மையை எண்ணிப் பாருங்கள். அதையே மலையகத்துக்கும் கேளுங்கள். நம் கோரிக்கை ஒன்றே: நுவரெலியா மாவட்டத்தில், தமிழிலும் கற்பிக்கும் ஒரு வளாகம் முதலில், குறித்த காலத்தில் முழுப் பல்கலைக்கழகம். வாக்குறுதி வேண்டாம், வர்த்தமானி வேண்டும்!