நாலு குதிரையும் ரெண்டு எழுத்தும்

வானத்துலேருந்து நாலு குதிரைகள் பாய்ந்து வருகின்றன. ஒருத்தன் கையில் வில், அடுத்தவனிடம் வாள், மூணாவது ஆள் தராசைச் சுழற்றுகிறான். நாலாவதா, எலும்பும் தோலுமான ஒரு குதிரை மேல, சூலம் மாதிரி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தாடிக் கிழவர். அவர்தான் மரணம். கீழே ஜனங்கள் மிதிபடுகிறார்கள். இடது மூலையில் ஒரு பூதத்தின் வாய். அதுக்குள்ள மகுடத்தோடு ஒரு 'பெரிய தலை' போய்க்கிட்டிருக்கு. சாவுகிட்ட மேனேஜ்மென்ட் கோட்டா செல்லாது போல!

வரைஞ்சவர் ஆல்பிரெக்ட் டியூரர். ஜெர்மனியில் நியூரம்பெர்க் ஊர்க்காரர், பொற்கொல்லர் மகன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை 15 மரச்செதுக்குப் படங்களாக்கி 1498-ல் வெளியிட்டார். பப்ளிஷரும் அவரே. அப்போ வயசு 27 தான். (எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. மேத்ஸ் அரியரைப் பார்த்தா அதுவும் பத்தாது.)

மரச்செதுக்குல ஒரு விசேஷம் பாஸ். கோட்டைச் செதுக்க மாட்டாங்க. கோட்டைத் தவிர மத்த எல்லாத்தையும் செதுக்கி எடுத்துடுவாங்க. மேடா நிற்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் இடம் வலமா மாறி விழும். அந்தக் குதிரையோட பிடரி மயிர் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் கத்தி போயிருக்கு. நம்ம டிராயிங் கிளாஸ்ல தப்பு பண்ணினா ரப்பர் இருக்கு. அங்கே கை நழுவினா பலகையே காலி.

படத்துக்குக் கீழே 'ஏ', அதன் காலுக்கு நடுவில் 'டி'. அதான் டியூரர் முத்திரை. அவரோட இன்னொரு வரிசையான மரியாளின் வாழ்க்கைப் படங்களை இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமொண்டி செம்புத் தகட்டில் அப்படியே காப்பியடிச்சார்... அந்த ரெண்டு எழுத்தையும் சேர்த்து! டியூரர் வெனிஸுக்கே போய் முறையிட்டார், 'முத்திரையை மட்டும் போடக் கூடாது'ன்னு தீர்ப்பு வந்ததுன்னு வசாரி எழுதியிருக்கார். அதாவது படத்தைச் சுடலாம், பேரைச் சுடக் கூடாது. 1511-ல் அந்த வரிசையைப் புத்தகமா விட்டப்போ, அடுத்தவன் உழைப்பைத் திருடுறவங்களுக்கு, பேரரசர் மாக்ஸிமிலியன் பேரைச் சொல்லி, கடைசியில் ஒரு எச்சரிக்கையே அச்சடிச்சார் டியூரர்.

பேர் விஷயத்தில் நான் ரைமொண்டியைவிட யோக்கியன். ஃபர்ஸ்ட் இயரில் ரூம்மேட்டோட டிராயிங் ஷீட்டை ஜன்னல் கண்ணாடியில் வெச்சு டிரேஸ் எடுத்தப்போ, என் பேரைத்தான் போட்டேன். ரெண்டு பேருக்கும் ஜீரோ. ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டவன் அவன். 'சார், காப்பியடிச்சது நான்தான்'னு சொல்ல எனக்கு அன்னிக்கு வாய் வரலை. இப்போ தேர்டு இயர். அவன்தான் இன்னமும் ரூம்மேட்.

போன வாரம் இந்தக் குதிரைப் படத்தைப் பிரின்ட் எடுத்து ரூம் சுவத்துல ஒட்டினேன்.

''யார் போட்டதுடா?''ன்னான்.

''டியூரர்.''

''பரவாயில்லையே, போட்டவன் பேரைச் சொல்றியே''ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.