ஏற்றத்தில் மூன்றரை டன்

மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்திருக்கிறது. இந்த வரம்பை உயர்த்திய மத்திய அரசின் 2018 ஜூலை அறிவிக்கை கணக்கில் எடுத்துக்கொண்டது அச்சையும் டயரையும். சமவெளிக்கு அது போதும், மலைச்சாலைக்குப் போதாது.

மலைப்பகுதிக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வரம்புச் சாய்வு 6 சதவீதம். சீரான வேகத்தில் ஏறும்போது நிகர விசை சுழி என்பதால், எடையின் சாய்வுக்கூறையும் உருளல் தடையையும் இழுவிசையே ஈடுகட்ட வேண்டும். 25 டன்னுக்குச் சாய்வுக்கூறு 14.7 கிலோநியூட்டன், 28.5 டன்னுக்கு 16.8. உருளல் தடைக் கெழு 0.008 என்று கொண்டால் மொத்தம் முறையே 16.7, 19.0. காற்றுத் தடையை இங்கே விட்டுவிடலாம். சக்கரத்துக்கு 100 கிலோவாட் வந்துசேரும் லாரி 25 டன்னோடு மணிக்கு 21.6 கிலோமீட்டரில் ஏறும், 28.5 டன்னோடு 19-ல். டன்னுக்கு 4 கிலோவாட் என்பது 3.5 ஆகிவிடுகிறது.

வேகம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நின்றுபோனால்தான் வினை. கொண்டை ஊசி வளைவில் எதிரே கார் வந்து லாரி நின்றுவிட்டால், மறுபடி கிளம்ப 0.3 மீ/வி² முடுக்கத்துக்கே கூடுதலாக 8.5 கிலோநியூட்டன் வேண்டும். கிளட்ச் கருகும் வாடை வருகிறது. கிளீனர் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். வண்டி நகர்ந்ததும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறார். கல் சாலையிலேயே கிடக்கிறது, இரவில் வரும் பைக்காரருக்காக.

இவ்விதழ் நெடுங்காலமாகக் கேட்டுவருவது ஏறுதடம், அதாவது மெதுவாக ஏறும் லாரிகளுக்கான தனித் தடம். அது இல்லாத சாலையில் லாரிக்குப் பின்னால் சேரும் வரிசை வளைவில் முந்தத்தான் செய்யும். மோதிவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். 19 கிலோமீட்டரில் திணறிய லாரியைப் பற்றியோ தடம் போடாத துறையைப் பற்றியோ அதில் ஒரு வரி இராது. கேட்டால் நிலம் இல்லை, வனத்துறை அனுமதி இல்லை என்பார்கள். ‘மெதுவாகச் செல்லவும்’ பலகைக்கு மட்டும் எங்கும் இடம் இருக்கிறது.

எடை உயர்வை இவ்விதழ் எதிர்க்கவில்லை; சரக்குச் செலவு குறையட்டும். ஆனால் டன்னுக்கு இத்தனை கிலோவாட் என்ற வரம்பு வகுத்து ஏறுதடமும் போடும்வரை, 5 சதவீதத்துக்கு மேல் சாய்வுள்ள சாலைகளில் பழைய 25 டன்னே நீடிக்க வேண்டும்.