நாட்டுத் துப்பாக்கிக்கு நடிக்கத் தெரியாதா?

‘கைதி’ (2019) படத்தின் உச்சக்காட்சியில், திருச்சி கமிஷனர் அலுவலகத்தை முற்றுகையிட்ட கும்பலைக் கார்த்தி ஒற்றை ஆளாகச் சுட்டுச் சாய்ப்பார். கையில் குழல்கள் சுழலும் இயந்திரத் துப்பாக்கி. தியேட்டரில் விசிலடித்தவர்களில் நானும் உண்டு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வம்பு.

அந்த ரகத்தில் பெயர்பெற்றது எம்134 மினிகன். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960களில் ஹெலிகாப்டர்களில் பொருத்துவதற்காக உருவாக்கியது. ஆறு குழல்கள், அவற்றைச் சுழற்ற மோட்டார், மோட்டாருக்கு பேட்டரி. மின்சாரம் இல்லாவிட்டால் ஒரு குண்டுகூட வராது. எல்லாப் பாகங்களும் சேர்ந்தால் எடை 40 கிலோவை நெருங்கும். உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 6,000 குண்டுகள், நொடிக்கு 100. ஒரு தோட்டா சுமார் 25 கிராம். ஆக, பத்து நொடி சுடுவதற்கு ஒரு சிப்பம் அரிசியின் எடைக்குத் தோட்டாவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இதை மனிதர் கையில் கொடுத்தது ஹாலிவுட். ‘பிரிடேட்டர்’ (1987) படப்பிடிப்பில் மின்கம்பியை நடிகரின் உடைக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். குழல் சுழல்வது கேமராவுக்குத் தெரிய வேண்டுமென்று வேகத்தையும் குறைத்தார்கள். ‘டெர்மினேட்டர் 2’ (1991) படத்தில் அர்னால்டு தூக்கினார். அவர் இயந்திரம், கேட்பதற்கில்லை. ‘கைதி’யில் கார்த்தி நடித்த டில்லியோ பத்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து பிரியாணியை அள்ளித் தின்ற மனிதர். ‘கேஜிஎஃப் 2’ (2022) படத்தில் போலீஸ் ஸ்டேஷனைச் சல்லடையாக்கிய பிறகு, பழுத்துச் சிவந்த குழலில் யஷ் சிகரெட் பற்றவைப்பார். குழல் சூடேறும் என்பது மட்டும் அதில் நிஜம்.

இந்த மோகம் நமக்குப் புதிதல்ல. சின்னசேலத்திலிருந்து மேற்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் வரும் சேலத்தில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சிஐடி சங்கர்’ (1970) என்று துப்பாக்கிப் படங்களாக எடுத்துத் தள்ளியது. அதே சின்னசேலத்துக்கு வடக்கே தெரிகிறது கல்வராயன் மலை. அங்கே புழங்கிய துப்பாக்கியின் பக்கம் நம் சினிமா அதிகம் திரும்பவில்லை.

அது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். பின்பக்கம் கேப் பொருத்தி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, விசையை அழுத்தினால் ஒரே ஒரு வெடி. மழையில் மருந்து நமுத்தால் அதுவும் இல்லை. வெடித்துவிட்டால் முகத்தை மறைக்கிற அளவுக்குப் புகை. அடுத்த வெடிக்கு மொத்தத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்குமா? குறி தப்பினால் எதிரி ஓடிவந்து சேர்ந்துவிடுவான் என்கிற பயம், மினிகன் காட்சியில் எந்த மூலையிலும் இல்லை.

ஆபத்தும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. கெட்டித்த மருந்தைச் சுடாமல் வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் மருந்தோடு அப்படியே மூலையில் சாத்திவைத்துவிட நேரும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தும் தெரியாது. நாட்டுப் பட்டறையில் செய்த குழல் சுடுபவர் முகத்துக்கு நேரே பிளக்கவும் கூடும். இதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மானும் முயலும் இதற்குப் பலியாகியிருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை குற்றம்.

இந்தத் துப்பாக்கி திரையில் தோன்றுவது பெரும்பாலும் டிவி செய்தியில்தான். மேசைமேல் வரிசையாகக் குழல்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் அதிகாரிகள், கீழே ‘பறிமுதல்’ என்று ஓடும் எழுத்து. ‘கைதி’ பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வரிசை ஓர் ஆயுதக் கும்பலாகத் தெரிகிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை சுடுவதற்கே தடுமாறும் கருவி அது என்பதைச் செய்தி சொல்வதில்லை. கள்ளச்சாராயச் செய்திகளால் ஏற்கெனவே பெயர் கெட்ட மலைக்கு இது இன்னொரு கறை.

சட்டம், டிவியைவிட நிதானமாகப் பேசுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் தருவதைப் பற்றித் தனியாகவே சொல்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் குடகு மக்களுக்குச் சில துப்பாக்கிகளை உரிமமே இல்லாமல் வைத்திருக்க ஆங்கிலேயர் காலத்து விலக்கு இன்னும் நீடிக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. குடகர்களுக்குப் படைவீரர் என்ற பெயர் உண்டு. மரவள்ளியும் சாமையும் விளைவிக்கும் கல்வராயன் மலையாளிப் பழங்குடிகளுக்கு அப்படி ஒரு பெயரை யாரும் கொடுக்கவில்லை. 1976 வரை அவர்கள் ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தவர்கள். உரிம விண்ணப்பத்தோடு கலெக்டர் அலுவலகப் படியேறுவது அவர்களுக்கு எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மேசைக்குப் பின்னால் நிற்கும் அதிகாரியிடம் மைக்கை நீட்டுகிற நிருபர், மலையிலிருந்து அந்த 13ஆம் பிரிவின்கீழ் எத்தனை பேர் உரிமம் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று ஒரு தடவையாவது கேட்கட்டும்.