துப்பாக்கி லைசென்சும் தோலின் நிறமும்

அமெரிக்காவில் ஒருவன் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்சு கேட்கிறான். அதிகாரி மறுத்துவிடுகிறார். உடனே அவன், “மறைப்பதற்குத்தானே லைசென்சு வேண்டும்? எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டே போகிறேன்” என்று யோசிக்கிறான். அந்நாட்டில் பல மாகாணங்களில் வெளிப்படையாக எடுத்துச் செல்வதைச் சட்டம் தடுக்காததால், இந்த யோசனையில் அதிசயமொன்றுமில்லை. ஆனால் லைசென்சு யாருக்கு மறுக்கப்பட்டது, வெளிப்படையாக எடுத்துச் சென்றபோது யாருக்காகச் சட்டம் மாற்றப்பட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டிய சங்கதியாகும்.

1956ஆம் ஆண்டு ஜனவரி 30ந் தேதி, அலபாமா மாகாணத்து மான்ட்காமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. வீட்டிற்குள் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பஸ்ஸில் கறுப்பு மக்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் இழிவை எதிர்த்துப் பகிஷ்காரம் நடத்தியதே அவர் செய்த குற்றம். அதன்பின் அவர் துப்பாக்கி லைசென்சு கேட்டார், மறுக்கப்பட்டது. அந்த மாகாணச் சட்டமோ, உயிருக்கு அபாயமென்று பயப்படத் தக்க காரணமும், தகுந்த ஆள் என்ற யோக்கியதையும் இருந்தால் ஷெரீப் லைசென்சு கொடுக்கலாம் என்றது. வீட்டிலேயே குண்டு வெடித்தவனுக்குப் பயப்படக் காரணமில்லையென்றால், வேறு யாருக்குத்தான் காரணமிருக்கும் என்று கேட்கின்றோம்.

இதன் இரகசியம் ‘தகுந்த ஆள்’ என்ற இரண்டு வார்த்தைகளிலேயே இருக்கின்றது. தகுதியை அளக்கப் படியுமில்லை, முழக்கோலுமில்லை. அதிகாரியின் மனமே அளவுகோல். அந்த மனத்தில் நிறவெறி குடியிருந்தால், சட்டப் புத்தகத்தில் நிறத்தைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதி டானி, கறுப்பர்களைப் பிரஜைகளென்று ஒப்புக்கொண்டால் அவர்கள் போகுமிடமெல்லாம் ஆயுதம் கொண்டு போகும் உரிமையும் வந்துவிடுமே என்று அஞ்சி எழுதினார். அடிமைத்தனம் ஒழிந்த 1865லேயே, மிசிசிப்பி மாகாணம் விடுதலை பெற்றவர்கள் லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. புளோரிடாவில் 1893ஆம் வருஷத்து லைசென்சுச் சட்டம் கறுப்புத் தொழிலாளிகளை நிராயுதபாணிகளாக்கவே செய்யப்பட்டதென்றும், வெள்ளையருக்குப் பொருந்தும்படி அது ஒருபோதும் கருதப்படவில்லையென்றும் அம்மாகாண உயர் நீதிபதி ஒருவரே 1941இல் தீர்ப்பில் எழுதிவைத்தார். திருடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு சாட்சி எதற்கு?

நிற்க. வெளிப்படையாக எடுத்துச் சென்றால் என்ன ஆயிற்று என்பதையும் பார்ப்போம். கலிபோர்னியாவில் தோட்டா போட்ட துப்பாக்கியை மறைக்காமல் எடுத்துச் செல்லச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. 1966இல் ஓக்லந்து நகரில் ஏற்பட்ட கருஞ்சிறுத்தைக் கட்சியினர், அச்சட்டத்தைப் படித்துக்கொண்டே, துப்பாக்கியும் கையுமாகப் போலீசாரின் நடத்தையைத் தெருவில் நின்று கவனித்தார்கள். உடனே அதைத் தடுக்க மல்போர்டு என்ற சட்டசபை அங்கத்தினர் மசோதா கொண்டுவந்தார். 1967 மே 2ந் தேதி சுமார் முப்பது பேர் ஆயுதங்களுடன் சட்டசபைக் கட்டிடத்திற்கே சென்று ஆட்சேபித்தார்கள். அதே ஜூலையில் கவர்னர் ரீகன் கையெழுத்திட, மசோதா சட்டமாயிற்று. நேற்றுவரை உரிமையாயிருந்தது, கறுப்புத் தோளில் ஏறியதும் குற்றமாகிவிட்டது!

2022 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, விசேஷக் காரணம் காட்டினால்தான் லைசென்சு என்ற நியூயார்க் சட்டத்தைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அதிகாரியின் இஷ்டத்திற்கு இதனால் ஓரளவு கடிவாளம் விழுந்தது உண்மையே. ஆனால் சீட்டு கிடைத்துவிட்டால் உயிர் நிலைத்துவிடுமா? 2016இல் மின்னசோட்டாவில் முறைப்படி லைசென்சு பெற்ற கறுப்பர் ஒருவர், காரை நிறுத்திய போலீசாரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார், சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை அடுத்த வருஷம் ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

ஆகவே எல்லோரும் துப்பாக்கி தூக்குங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 48,000 பேருக்கு மேல் துப்பாக்கியால் மாண்டார்கள். அதில் பாதிக்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டவர்கள். கிங்கும் பின்னர் யோசித்துத் தம்மிடமிருந்த துப்பாக்கியை விட்டொழித்தார். ஆனால் தானாக விடுவது வேறு. நீ தகுந்த ஆளல்ல என்று பிறர் மறுப்பது வேறு. முன்னது அறிவின் முடிவு. பின்னது மானத்தின்மேல் விழுந்த அடி.

சர்க்கார் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தட்டும், கடுமையாகவே கட்டுப்படுத்தட்டும். ஆனால் நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றாயிருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். அக்காரணத்தை வேறொருவர் முன் வைத்து வாதாட இடமிருக்கட்டும். இம்மூன்றும் இல்லாத லைசென்சு, பாதுகாப்புச் சட்டமல்ல; ஆளைப் பார்த்துக் கதவைத் திறக்கும் வேலைக்காரன் கையிலுள்ள சாவி என்பதே நமது அபிப்பிராயம்.